ஏழு இடங்களில் நின்றவர்

துர்கா பூஜைப் பந்தல்களுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்த நாட்களில், ஒரே நேரத்தில் ஏழு இடங்களில் நின்றதற்காக முகமது ரபீக்கைத் தானா என்கிற போலீஸ் ஸ்டேஷனுக்கு அழைத்து விசாரித்தார்கள். ஏழு இடங்களும் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்துக்குள்ளேயே இருந்தன: மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டியடி, லிஃப்ட் வாசல், இரண்டு மாடிப்படித் திருப்பங்கள், சைக்கிள் நிறுத்தும் இடம், மீனாக்ஷி மாமி வீட்டு வாசல். எட்டாவதாக அவர் தன் காபிப்பொடிக் கடையிலும் இருந்தார். கடைக்குள் கேமரா இல்லாததால் அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ரபீக்கின் வாப்பா கீழக்கரையிலிருந்து கப்பல் சாமான் வியாபாரத்துக்காகக் கல்கத்தா வந்தவர். அது நொடித்துப்போனதும் காபிக்கொட்டை வறுக்க உட்கார்ந்தார். ரபீக் இந்தச் சந்திலேயே பிறந்தார், இங்கேயே வங்காளிப் பையன்களோடு கால்பந்து ஆடிப் பல்லை உடைத்துக்கொண்டார். கோபம் வந்தால் வங்காளத்தில் திட்டுவார், கணக்குப் போட்டால் தமிழில் முணுமுணுப்பார். எங்கள் சந்தில் அவர் வாப்பா காலத்திலிருந்தே ஒரு பழக்கம் உண்டு. கும்பகோணத்துக்கோ குருவாயூருக்கோ போகிறவர்கள் வீட்டுச் சாவியை அந்தக் கடைச் சுவரில் இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டு டாக்ஸி ஏறுவார்கள். மழை வந்தால் ஜன்னலைச் சாத்துவதும், குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் போனவர்கள் வீட்டில் தண்ணீரை இறைப்பதும், துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் கடைக்காரர் வேலை. துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் பாய் உலகத்தில் வேறெங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எங்களிடம் ஒருவர் இருந்தார், அதை நாங்கள் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு, வினை அதிலிருந்துதான் வந்தது. எங்கள் சந்தில் எந்த வேலைக்கு ஆள் வந்தாலும் முதலில் அவன் கையில் ரபீக் கடைக் காபி டம்ளரைக் கொடுத்துவிட்டுத்தான் வேலையைக் காட்டுவார்கள். பெயிண்டருக்கும் பிளம்பருக்கும் அப்படித்தான். ஒருமுறை தண்ணீர் இணைப்பைத் துண்டிக்க வந்த கார்ப்பரேஷன்காரர்கூடக் காபியை ரசித்துக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுத் துண்டித்தார். ஆகவே போன வருஷம் இரண்டு சைக்கிளும் ஒரு பித்தளைக் குழாயும் காணாமல் போய், குடியிருப்போர் சங்கம் கூடிக் கேமரா வைப்பது என்று தீர்மானித்து, டெக்னீஷியன் பெட்டிகளோடு வந்து இறங்கிய அன்று, ரபீக் தட்டில் டம்ளர்களோடு அங்கே நின்றது தற்செயல் இல்லை.

கேமரா வெறும் கேமரா இல்லை, கற்றுக்கொள்ளும் கேமரா என்று டெக்னீஷியன் சொன்னான். வீட்டு மனிதர்களின் முகங்களை முதலில் அதற்குக் காட்ட வேண்டும். அவர்களைக் கண்டால் அது கண்டுகொள்ளாது, படத்தைச் சேமித்தும் வைக்காது. வெளியாளைக் கண்டால் சிவப்புக் கட்டம் போட்டுப் பிடித்து வைக்கும். சங்கத்தின் செயலாளர் சீதாராமன், வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவர். எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மீனாக்ஷி மாமி வைர மூக்குத்தி போட்டுக்கொண்டு வந்தார். கைக்குழந்தைகளைக்கூடத் தூக்கிக் காட்டினார்கள். கடைசியில் டெக்னீஷியன், வெளியாள் எப்படி இருப்பான் என்று மாதிரிக்கு ஒரு முகம் வேண்டும் என்றான். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் தட்டைப் பார்த்தார்கள்.

சீதாராமன், "பாய், நீங்க செத்த நில்லுங்கோ" என்றார். ரபீக் தட்டைக் கீழே வைத்துவிட்டு நின்றார். நேராக, இடப்பக்கம், வலப்பக்கம். சிரிக்கலாமா என்று கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்தார். வேலை முடிந்ததும் அந்த மாதிரியை அழித்துவிட வேண்டும். டெக்னீஷியன் இன்னொரு டம்ளர் காபி கேட்டு வாங்கிக் குடித்த சந்தோஷத்தில் அதை மறந்துபோனான். இதில் யாருக்கும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் யாராவது ஒருவராவது கொஞ்சம் தயங்கியிருப்பார்கள்.

முதல் வாரமே சங்க அறைத் திரையில் ரபீக் தெரிய ஆரம்பித்தார். மாடிப்படியில் நின்றார். சீதாராமன், பொடி கொண்டுவந்திருப்பார் என்று நினைத்தார். மொட்டை மாடியிலும் நின்றார். வடாம் காய வைத்தவர்களுக்கு உதவியாக இருக்கும் என்று நினைத்தார். பிறகு ஒருநாள் இரண்டு கட்டங்களில் ஒரே சமயத்தில் தெரிந்தார், ஆனி பிறக்கும்போது ஏழிலும். டெக்னீஷியனை அழைத்தபோது அவன் போனிலேயே ஏதோ அப்டேட் போட்டுவிட்டு, மாதிரி முகம் ஒட்டிக்கொண்டிருக்கும், யாரைப் பார்த்தாலும் அதற்கு அவர் முகமாகத் தெரியும் என்று விளக்கினான். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படத்தில் இருந்தவர்கள், அன்று காலை ரபீக் போட்டிருந்த சட்டையையே போட்டிருந்தார்கள். அவர் மூக்குக் கண்ணாடியில் சுற்றியிருந்த கறுப்பு நூல் அவர்கள் கண்ணாடியிலும் இருந்தது. அடைமழையில் மொட்டை மாடிக்காரர் ஒதுங்காமல் நின்ற நாளில், கடைக்குள் அடுப்பெதிரே உட்கார்ந்திருந்த ரபீக்கின் சட்டை தோளோடு ஒட்டி நனைந்து, மறுநாள் அவருக்குச் சளி பிடித்தது. கால் வலி தாங்கவில்லை என்று டாக்டரிடம் போனார். டாக்டர், நாள் முழுக்க நிற்கிற வேலையா என்று கேட்டார். உட்கார்ந்து செய்கிற வேலைதான், ஆனால் நிற்கிறேன் போலிருக்கிறது என்று ரபீக் பதில் சொன்னார். கூடவே இன்னொன்றும் நடந்தது. தான் போகாத இடங்களில் நடந்தவை அவருக்குத் தெரிய ஆரம்பித்தன. அதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

சந்து மெல்ல மாறியது. சாவிகள் ஆணியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. ஒருவர் பூட்டை மாற்றிவிட்டதாகச் சொன்னார், ஒருவர் மச்சினன் வந்து தங்கப் போவதாகச் சொன்னார், இன்னொருவர் துளசி பட்டுப்போய்விட்டது பாய் என்று சொல்லி எடுத்துக்கொண்டார். திருடன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் வங்காளத்தில் நாலு வார்த்தை பதில் சொல்லியிருப்பார். அவர் சந்தின் ஓரத்தை விட்டு நட்டநடுவில் நடக்க ஆரம்பித்தார், இரண்டு கையும் வெளியே தெரியும்படி. நாற்பத்தைந்து வயது மனிதர், பிறந்த சந்தில், கையைக் காட்டிக்கொண்டு நடந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் வாழைக்காய் பேரம் பேசினோம்.

சாவியை எடுக்காமல் விட்டவர் மாதங்கி ஒருவர்தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர், வாய்க்கு யாரும் பயப்படும் பேர்வழி. சீதாராமன் மரியாதையாக அவரிடம் போய், ஜாக்கிரதையாக இருப்பது நல்லதில்லையா என்று கேட்டார். மாதங்கி சொன்னார்: "சர்வீஸ் பூரா ஊர்ல இருக்கறவங்க பேச்சை ஒட்டுக் கேட்டிருக்கேன் சார். பாதி நேரம் சாம்பார்ல உப்பு தூக்கலாப் போச்சுன்னுதான் பேசுவாங்க. நீங்க அந்தத் திரையில என்னத்தைப் பார்க்கறீங்க?" சீதாராமனின் கண் அந்நேரம் மாதங்கியின் தோளுக்குப் பின்னால், லிஃப்ட் வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் மீனாக்ஷி மாமியின் வெள்ளி காணாமல் போனது. கொலுவுக்காகக் குத்துவிளக்கையும் சந்தனப் பேலாவையும் பன்னீர்ச் செம்பையும் விபூதி போட்டுத் தேய்த்து, சாப்பாட்டு மேஜைமேல் காயவைத்துவிட்டு, ரவிக்கைத் துணி வாங்க கரியாஹாட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது மேஜையில் துண்டு மட்டும் இருந்தது. பூட்டு உடையவில்லை. சீதாராமன் திரையை ஓட்டிப் பார்த்தார். மாமி வீட்டு வாசலில் அந்த நேரம் முழுக்க ஒரே ஓர் ஆள், சிவப்புக் கட்டத்துக்குள், செருப்பை ஓரமாகக் கழற்றி விட்டு நின்றிருந்தார். கேமரா பொய் சொல்லாது என்று சீதாராமன் சொன்னார். அந்த நேரம் பாய் என் எதிரில் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார், நான் பொய் சொல்வேனா என்று மாதங்கி கேட்டார். மாதங்கி பொய் சொல்லமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மாதங்கியைத் திரும்ப ஓட்டிப் பார்க்க முடியாதல்லவா.

தானாவில் இருந்த அதிகாரி தீப்தி நிதானமான பெண். அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்று ரபீக்கைக் கேட்டார். உங்கள் கையில் இருக்கும் படத்தில் ஏழு இடம் போட்டிருக்கிறது, அதில் நான் உட்கார்ந்திருந்த இடம் இல்லை என்று ரபீக் சொன்னார். தீப்தி ஏழு படங்களையும் மேஜையில் பரப்பிப் பார்த்தார். திருட்டு ஒரு வாசலில் நடந்திருக்கிறது, மற்ற ஆறு பேரை நான் எதற்காகப் பிடிப்பது, ஒருவரை மட்டும் பிடித்தால் மீதிப் பேர் சாட்சியா கூட்டாளியா என்று சங்கத்தாரைக் கேட்டார். பூஜைக் கூட்டத்துக்கே ஆள் போதவில்லை, நீங்கள் முதலில் ஓர் ஆளாகக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி, ரபீக்குக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சட்டம் கைவிட்டதைச் சங்கம் எடுத்துக்கொண்டது. ரபீக்கின் கடை சங்கத்துக்குச் சொந்தமான கட்டடத்தின் கீழ்த்தளம். அவர் தொடர்ந்து கடை நடத்தலாம், ஆனால் கழுத்தில் ஓர் அட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். அட்டைக்குள் இருக்கும் சில்லு அவர் எங்கே இருக்கிறார் என்று எப்போதும் திரைக்குச் சொல்லும். இது அவருடைய நன்மைக்குத்தான், அவர்மேல் யாரும் வீண்பழி போட முடியாது என்று சீதாராமன் மனதார நம்பினார். மாட்டமாட்டேன் என்றால் கடையைக் காலி செய்யவேண்டி வரும், ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் முடிவு என்றார்கள். ரபீக்கின் மனைவி அழுதாள். பெஹாலாவில் அவள் அண்ணன் கடையில் பாதியை ஒதுக்கிக் கொடுப்பார், போய்விடலாம், இல்லையென்றால் ஓர் அட்டைதானே, மாட்டிக்கொண்டு போங்கள் என்றாள். ரபீக் அன்று சாப்பிடவில்லை. அட்டை மாட்டிக்கொண்டு வாழ்ந்துவிடலாம் என்பது அவருக்குத் தெரியும். மாட்டிய பிறகு அது இல்லாத கழுத்து எப்படி இருந்தது என்று சந்து மறந்துவிடும், கொஞ்ச நாளில் தானும் மறந்துவிடுவோம் என்பதுதான் அவரைச் சாப்பிடவிடவில்லை.

ஞாயிறு காலை கீழ்த்தள ஹாலில் கூட்டம். வழக்கமாக வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, ஏழு கேமராவையும் அதில் காட்ட ஏற்பாடு. ரபீக் முன் வரிசையில் மாதங்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அட்டை மேஜைமேல் நாடாவோடு இருந்தது. சீதாராமன் வணக்கம் சொல்லி, வருத்தம் தெரிவித்து, பொத்தானை அமுக்கினார். ஏழு கட்டங்களும் காலியாக இருந்தன. மாதக்கணக்கில் முதல்முறையாக மொட்டை மாடியில் வெயில் மட்டும் இருந்தது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கையில், படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது.

ஏழு பேரும் வந்தார்கள். மொட்டை மாடிக்காரர் வெயிலில் கறுத்திருந்தார். தொட்டியடிக்காரர் காலில் பாசி ஒட்டியிருந்தது. மாமி வீட்டு வாசலில் நின்றவர் வெறுங்காலோடு வந்தார். ஏழு கண்ணாடியிலும் கறுப்பு நூல். காலி நாற்காலிகளில் சிலர் உட்கார்ந்தார்கள், இடம் போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். ரபீக் திரும்பிப் பார்த்து, கல்யாணத்துக்குத் தாமதமாக வந்த தம்பிகளைப் பார்ப்பதுபோல் தலையை ஆட்டினார். சீதாராமன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உறுப்பினர் அல்லாதவர்கள் பொதுக்கூட்டத்தில் அமரலாமா என்று விதிகளைப் புரட்டினார். அதற்கு விதி இல்லை.

மீனாக்ஷி மாமிதான் எழுந்தார். "எங்க வாசல்ல நின்னது உங்கள்ல யாரு?"

வெறுங்காலோடு இருந்தவர் முன்னால் வந்தார். "நாந்தான் மாமி."

"அப்போ நீங்கதான் எடுத்தேளா?"

"நான் நின்னுக்கிட்டுதான் இருந்தேன் மாமி. எடுத்தவங்க என்னைத் தாண்டித்தான் உள்ள போனாங்க. சாவி போட்டுத் திறந்தாங்க."

மாமி, யாருன்னு சொல்லுங்கோ என்று கேட்க வாயெடுத்தார். வெறுங்கால்காரர் கொஞ்சம் தணிந்த குரலில், "நெஜமாவே கேக்கறீங்களா மாமி?" என்றார். மாமி சுற்றிலும் பார்த்தார். தன் வீட்டுச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று யோசித்தார் போலும். மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் மற்றவர்களுக்கும் உறைத்தது. ஏழு பேர், ஏழு மூலையில், மாதக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். வீட்டு மனிதர்கள் என்று கேமரா கண்டுகொள்ளாமல் விட்டதையெல்லாம் இவர்கள் பார்த்திருக்கிறார்கள். அடுத்த வீட்டுக் கூரையில் குப்பை வீசியதை, மாடிப்படித் திருப்பத்தில் நின்று மனைவிக்குத் தெரியாமல் பேசிய போனை, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சிகரெட் பிடித்ததை, அதே தொட்டிக்குப் பின்னால் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுததை. பொருளாளர் எழுந்து, நடந்தது நடந்துவிட்டது, விசாரணை எதுவும் தேவையில்லை, கூட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்றார். எல்லாத் தலையும் ஆடியது. "ஏன்? கேமரா வேணும்னு கேட்டது நீங்கதானே" என்றார் மாதங்கி. "இப்போ வாயோட வந்திருக்கு. கேளுங்க."

ரபீக் எழுந்தார். மேஜைமேல் இருந்த அட்டையை எடுத்து, நாடாவைச் சுற்றி, சீதாராமன் கையில் கொடுத்தார்.

"யாரும் பயப்பட வேணாம். பார்த்தேன், எல்லாத்தையும் பார்த்தேன், சொல்ல மாட்டேன். பார்த்ததைச் சேத்து வச்சு ஒருத்தர் தலையில கொட்டறதுக்கு நான் உங்க கேமரா இல்ல. ஆனா இதை மாட்டிக்க மாட்டேன். கடையையும் விட மாட்டேன். பெஹாலாவுக்கும் போக மாட்டேன். போலீஸைக் கூப்பிடணும்னா கூப்பிடுங்க சார். எட்டுப் பேரும் வர்றோம்."

அப்புறம் அவர் கடைக்குப் போனார், கொட்டை அடுப்பில் இருந்தது. மற்ற ஏழு பேரும் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு அவரவர் இடத்துக்குப் போய் நின்றார்கள். தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை.

மறுநாள் காலை மீனாக்ஷி மாமி வாசலில் குத்துவிளக்கும் பேலாவும் செம்பும் வங்காளப் பத்திரிகைத் தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. சீதாராமன் கேமராவைப் பார்த்தார். வெறுங்காலோடு நின்றவரைத் தவிர யாரும் பதிவாகவில்லை, அது எங்கள் வீட்டு மனிதர்களைப் பார்ப்பதில்லை. யார் என்று எனக்குத் தெரியும், மாமிக்கும் தெரியும். ரபீக் சொல்லாததை நான் எழுதப் போவதில்லை. கொலு நன்றாக நடந்தது. சாவிகளைத் திரும்பவும் கொண்டுவந்தவர்களிடம், ஆணிகளைப் பிடுங்கிவிட்டேன் என்று ரபீக் சொன்னார். உண்மையாகவே பிடுங்கியிருந்தார். மாதங்கியின் சாவிக்கு மட்டும் ஒன்றை விட்டிருந்தார். எங்களுக்குக் கொஞ்சம் வலித்தது. வலிக்கட்டும் என்றுதான் செய்திருப்பார், அதில் தப்பில்லை.

பூஜை முடிந்து டெக்னீஷியன் வந்தான். காபியைக் குடித்தபின், மாதிரி முகத்தை இப்போதே அழித்துவிடுகிறேன், ஒரு நிமிஷ வேலை என்றான். சீதாராமனும் அதைத்தான் விரும்பினார். ரபீக், "இருக்கட்டும் தம்பி. இப்ப அழிச்சா அவங்க எங்க போவாங்க?" என்று கேட்டார். டெக்னீஷியன் பெட்டியை மூடிவிட்டுக் கிளம்பினான். ஆகவே ஏழு பேரும் இன்றும் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் மொட்டை மாடிக்காரருக்கு யாரோ ஒரு குடை வைத்துவிட்டுப் போகிறார்கள். எதிர்வீட்டு வங்காளிப் பெண்கள் விஜயதசமிக்கு இனிப்பு கொடுக்கும்போது எட்டுப் பங்காகக் கொடுக்கிறார்கள், எல்லோரையும் ரபீக்தா, அதாவது ரபீக் அண்ணா, என்றே கூப்பிடுகிறார்கள். தொட்டிக்குப் பின்னால் அழுத பெண், அங்கே நிற்பவரிடம் இப்போது இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறாள். புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும் முதல் நாள் கொஞ்சம் திகைப்பார்கள். அப்புறம் பழகிவிடும்.

சீதாராமன் வழக்கம்போல் காலையில் அறையைத் திறந்து திரை முன் உட்காருகிறார். கூட்டம் நடந்த நாளிலிருந்து அந்த ஏழு பேரும் முன்போல் பக்கவாட்டில் நிற்பதில்லை, கேமராவுக்கு நேராகத் திரும்பி அதன் உள்ளே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கோபமாகப் பார்க்கவில்லை, சும்மா பார்க்கிறார்கள். முதலில் சீதாராமனுக்கு மூக்கு அரித்தது, சொறிந்துகொள்ளக் கூச்சமாக இருந்தது. பிறகு திரை முன் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பதை விட்டார். இப்போதெல்லாம் அவர் அறைக்குள் போவதற்கு முன் தலையைச் சீவி, சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொள்கிறார்.